வயிறு எரியுது, தலை சுத்துது

அந்தச் சலூன்காரரைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேடியோ என்றால்தான் தெரியும். கூப்பிடுகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. காலையில் கடையின் இரும்பு ஷட்டரைத் தூக்கும்போது திறக்கிற வாய், ராத்திரி அதை இழுத்துப் பூட்டும்வரை மூடாது. துணியைக் கழுத்தில் சுற்றும்போது ஒரு கதையைத் தொடங்குவார். முடி வெட்டி முடிந்தும் கதை முடியவில்லை என்றால், "இந்தக் காதோரம் கொஞ்சம் பாக்கி இருக்கு சார்" என்று கத்திரிக்கோலால் சும்மா காற்றை வெட்டிக்கொண்டே கதையை முடித்துவைப்பார். உட்கார்ந்திருப்பவரும் எழுந்து போகமாட்டார். நல்ல கைக்காரர். அதைவிட நல்ல வாய்க்காரர்.

அவர் பேச்சில் ஒரு விசேஷம் உண்டு. உலகத்தில் எது நடந்தாலும் அது அவர் உடம்பில்தான் நடக்கும். எதிர்வரிசையில் ஏ.சி. போட்ட புதுச் சலூன் வந்ததா, இவருக்கு வயிறு எரியும். அந்தக் கடையில் முடிக்குச் சாயம் பூச எவ்வளவு கேட்கிறார்கள் என்று யாராவது சொன்னால் தலை சுற்றும். கரண்ட் ஆபீஸ் ஆள் கடை வாசலில் வந்து நின்றால் வயிற்றில் புளியைக் கரைக்கும். வந்தவர், "சும்மா ஷேவிங்குக்குத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டால் வயிற்றில் பாலை வார்த்துவிட்டார் என்று அர்த்தம். இப்படி வயிற்றையும் தலையையும் வைத்தே மொத்த வாழ்க்கையையும் பேசி முடிக்கிற மனுஷன். நிஜத்தில் கல்லைத் தின்றாலும் செரித்துவிடும் அவருக்கு. தலைவலி மாத்திரை என்ன நிறம் என்றுகூடத் தெரியாது.

கடையில் சுற்றுகிற சேர் மூன்று. ஒன்றில் இவர், ஒன்றில் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. மூன்றாவது சேருக்கு ஆள் கிடையாது. அது மகளுடைய சேர். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்துவிடுவாள், ஏனென்றால் அம்மா பார்சல் ஆபீஸில் வேலை. வெளியூருக்குப் போகிற பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கிவிட்டு அவள் வீடு திரும்ப இருட்டிவிடும். அதுவரை மகள் கடைச் சேரில் சுற்றுவாள், பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், துவைத்த துண்டுகளை மடித்து வைப்பாள். பின்னறையில் இருக்கிற பெரிய டின்னிலிருந்து சின்ன டப்பாக்களில் பவுடர் நிரப்புவதும் அவள்தான். அவளே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. 'என் பொண்ணு கை பட்டாத்தான் பவுடர் மணக்கும்' என்று அதற்கும் இவர் ஒரு வசனம் வைத்திருந்தார்.

விஷயம் தொடங்கியது ஒரு சாயங்காலம். இவர் ஒரு பெரிய மனிதரின் பிடரியில் மிஷின் ஓட்டிக்கொண்டே, எதிர்க்கடையைப் பற்றி வழக்கமான புராணம் பாடிக்கொண்டிருந்தார். "அங்க வர்ற கூட்டத்தப் பாத்தா வயிறு எரியுது சார். அவன் போடுற பில்லைக் கேட்டா தலை சுத்துது." அப்போது மகள் பக்கத்தில் வந்து நின்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, எனக்கும் வயிறு எரியுது. தலை சுத்துது."

கடை மொத்தமும் கொல்லென்று சிரித்தது. பெரிய மனிதர் சிரித்த சிரிப்பில் மிஷின் கொஞ்சம் தடம் மாறிப்போய்விட்டது. ரேடியோவுக்கோ தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா சார், என் ரத்தம்! தொழில் போட்டி இப்பவே தெரியுது இவளுக்கு!" என்றார். விட்டாரா? அடுத்து வந்தவரிடம் சொன்னார், அதற்கடுத்து வந்தவரிடமும் சொன்னார். தாடி எடுக்க வந்தவர், பிள்ளைக்கு முடி வெட்ட வந்தவர், வெறுமனே பேப்பர் படிக்க வந்தவர், எல்லோருக்கும் ஒலிபரப்பு. கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? அவள் பள்ளிக்கூடப் பையோடு கடைக்குள் நுழைந்தாலே போதும், "என்ன பாப்பா, இன்னைக்கும் வயிறு எரியுதா?" என்பார்கள். அவள் விறுவிறுவென்று பின்னறைக்குப் போய்விடுவாள். பிள்ளைக்கு வெட்கம் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

பிறகு அவள் அதைச் சொல்லவே இல்லை. சாப்பாட்டைத் தட்டிலேயே அளைந்துகொண்டிருப்பாள். சேரில் சுற்றுவதை விட்டுவிட்டு அதில் சுருண்டு படுத்துக்கொள்வாள். வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டிருப்பாள். அம்மா கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பாள். ஒரு நாள் காலை, பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே கண் இருட்டி விழுந்துவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து பார்சல் ஆபீஸுக்குப் போன் போயிற்று.

அம்மாக்காரி அதிகம் பேசாதவள். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அவரே பேசிவிடும்போது அவளுக்கு என்ன மிச்சம் இருக்கும்? மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தவள், வாசலிலேயே நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அன்னைக்கு வயிறு எரியுதுன்னு இவ சொன்னதா ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சீங்களே. அது சும்மா சொன்னதா, நெஜமாவே எரிஞ்சுச்சா?"

ரேடியோவின் கையில் இருந்த சீப்பு நின்றது. அந்தச் சந்தேகமே அவருக்கு அதுவரை வரவில்லை. தன் பேச்சைத்தான் மகள் பேசுகிறாள் என்று பூரித்துப்போனாரே தவிர, அந்த வார்த்தைகளுக்கு நேரான அர்த்தம் ஒன்றும் உண்டு என்பது அந்த மனுஷனுக்கு மறந்தேபோயிருந்தது.

கடையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பூச்சியாக இருக்கும் என்றார் ஒருவர். மிட்டாயாக இருக்கும் என்றார் இன்னொருவர். "அந்தச் சேர்ல பம்பரம் மாதிரி சுத்தினா தலை சுத்தாம என்ன பண்ணும் அத்தான்?" என்றான் மச்சினன். அவள் சேரில் சுற்றுவதை விட்டு நாளாயிற்று என்பதை அவனும் கவனித்திருக்கவில்லை. அம்மா எதையும் காதில் வாங்காமல், "கெளம்புங்க" என்றாள்.

குழந்தை டாக்டர் ஒரு நடுவயது அம்மாள். ரேடியோ யாரைப் பார்த்தாலும் முதலில் தலையைத்தான் பார்ப்பார். இந்த அம்மாளுக்குப் பின்பக்கம் ஏற்ற இறக்கமாக யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது அவருக்கு. நம்மிடம் வந்திருந்தால் இப்படி விட்டிருப்போமா என்று நினைத்துக்கொண்டார்.

"பாப்பாவுக்கு என்ன பண்ணுது?" என்று டாக்டர் மகளைப் பார்த்துக் கேட்டார்.

"வயித்துல புளியக் கரைக்குது டாக்டர்" என்றார் ரேடியோ.

டாக்டர் நிமிர்ந்தார். "யாருக்கு? பாப்பாவுக்கா?"

"இல்லங்க, எனக்கு. இவ விழுந்துட்டான்னு கேட்டதுலேருந்து…"

"உங்க வயித்த அப்புறம் பாக்கலாம். இப்ப அவ வயிறு. எங்க வலிக்குது கண்ணு?"

"தொப்புளைச் சுத்தித்தாங்க. சாப்பாடே எறங்க மாட்டேங்குது. முந்தியெல்லாம் நல்லா…"

"அப்பா, நான் அவளக் கேட்டேன்" என்றார் டாக்டர்.

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். டாக்டர் அவள் கீழிமையை விரலால் இறக்கிப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார், படுக்கவைத்து வயிற்றை அங்கங்கே அமுக்கிப் பார்த்தார். இடதுபக்கம் அமுக்கியபோது அவள் 'ஸ்ஸ்' என்றாள். ரத்தம், சிறுநீர், மலம் எல்லாவற்றுக்கும் எழுதிக் கொடுத்து, ஒரு ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். ரத்தம் எடுக்க ஊசி குத்தியபோது அழாத மகள், ஸ்கேன் அறையில் வயிற்றில் அந்தப் பசையைத் தடவியதும் கூச்சத்தில் நெளிந்து சிரித்துவிட்டாள். "சிரிச்சா படம் ஆடுது பாப்பா, மூச்சப் பிடி" என்றாள் ஸ்கேன் எடுத்த பெண். மகள் சிரித்து எவ்வளவோ நாளாயிற்று என்பது அப்போதுதான் ரேடியோவுக்கு உறைத்தது.

எல்லா ரிப்போர்ட்டும் வந்த அன்று மூவரும் மறுபடி போனார்கள். கெட்டது எதுவும் இல்லை என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். குடல்வால் சரி, கிட்னி சரி, கட்டி கிட்டி எதுவும் கிடையாது. ஆனால் ரத்தம் ரொம்பக் குறைச்சல், தலை சுற்றுவது அதனால்தான். மலம் கட்டிப்போய்க் குடல் அடைசலாக இருக்கிறது, வலிப்பது அதனால். ஏன் இப்படி ஆயிற்று என்பதுதான் தெரிய வேண்டும் என்றார்.

"மண்ணு, சாம்பல், சாக்பீஸ், இப்படி ஏதாவது திங்கிற பழக்கம் உண்டா?"

ரேடியோவுக்குச் சுருக்கென்றது. "என்னங்க டாக்டர் இப்படிக் கேட்டுட்டீங்க? வீட்ல சாப்பாட்டுக்கு என்ன குறை? ஸ்கூல் விட்டா என் கடையிலதான், என் கண்ணு முன்னாடிதான் இருக்கா. ஒரு முடி கீழ விழுந்தாலும் எனக்குத் தெரியும்."

"உங்களக் கேக்கல, அவளத்தான் கேக்கிறேன்" என்றார் டாக்டர். "நீங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வெளிய இருங்க."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு கதவைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் பேச்சுக் கொடுக்கலாம் என்று திரும்பினார். மனைவி பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. கூப்பிட்டதும் உள்ளே போனார்கள்.

"எதக் கேட்டாலும் இல்லன்னு தலைய மட்டும் ஆட்டுறா" என்றார் டாக்டர். "இரும்புச்சத்து டானிக் தர்றேன், வயிறு இளக மருந்து தர்றேன், பூச்சி மாத்திரையும் ஒண்ணு. ஆனா அவ எதையோ தின்னுட்டிருந்தா, அது நிக்கிறவரைக்கும் இதெல்லாம் முழுசா வேலை செய்யாது. மிரட்டிக் கேக்காதீங்க. அப்பா, நீங்க ஒண்ணு பண்ணுங்க. கொஞ்ச நாள் பேசாம அவ பக்கத்துல இருங்க."

"பேசாமன்னா?"

"பேசாமதான்."

அடுத்த நாள் முதல் ரேடியோ ஓடவில்லை. தெருவுக்கே அது சேதியாகிவிட்டது. "என்னய்யா, பல்லு வலியா?" என்றார் முதலில் வந்தவர். "பேட்டரி போயிடுச்சு போல" என்றார் அடுத்தவர். ஒருவர் மச்சினனைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல சண்டையா?" என்று கவலையோடு விசாரித்தார். இன்னொருவர் முடி வெட்டும்போதே குறட்டை விட்டுத் தூங்கி எழுந்து, "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான்யா நிம்மதியா முடி வெட்டிக்கிட்டேன், தினமும் இப்படியே இரு" என்று வாழ்த்திவிட்டுப் போனார். ரேடியோ எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். சொல்ல வேண்டியது நெஞ்சு வரை வந்து முட்டும். விழுங்கிக்கொள்வார்.

மகள் வந்ததும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், சுவரைச் சுரண்டுகிறாளா என்று பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. அவள் டானிக்கை முகம் சுளித்துக் குடித்தாள், துண்டு மடித்தாள், பவுடர் நிரப்பினாள், படித்தாள். அவ்வளவுதான். ஒருவேளை டாக்டர் சொன்னதுதான் தப்போ என்றும் தோன்றியது. இல்லை, வேறு ஏதாவது பெரிய வியாதியாக இருந்து டாக்டர் கண்ணில் படாமல் போய்விட்டதோ என்று நினைத்தவர் கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு மீதி ஷேவிங்கெல்லாம் மச்சினனே பார்த்துக்கொண்டான்.

ஒரு மத்தியானம் பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டுவிட்டது. மச்சினன் சாப்பிடப் போயிருந்தான். கடையில் ஆள் இல்லை. ரேடியோ சீப்புகளை மருந்துத் தண்ணீரில் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள்.

"அப்பா, உனக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கேன்."

"அப்ப ஏன் பேசவே மாட்டேங்கிற?"

சொல்வதற்கு நூறு பதில் இருந்தது. நல்ல நல்ல பதில்கள். "நீ பேசுவன்னுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சீப்பைத் தேய்த்தார்.

அவள் கால்களை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஒண்ணு சொன்னா கடையில சொல்லமாட்டியே?" என்றாள்.

"மாட்டேன்."

"யார்கிட்டயும்? மாமாகிட்டகூட?"

"யார்கிட்டயும்."

அவள் எழுந்து கண்ணாடிக்குக் கீழே இருந்த பவுடர் டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து, விரலை எச்சிலில் நனைத்து உள்ளே விட்டு, வாயில் வைத்துக்கொண்டாள். பழகின கை. அவர் மகளுடைய முகத்தைப் பார்த்தார். உதட்டோரம் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அந்த வெள்ளையை எத்தனை தடவை அவரே துண்டால் துடைத்துவிட்டிருக்கிறார்! சலூனில் இருக்கிற பிள்ளைக்கு முகத்தில் பவுடர் ஒட்டாமல் என்ன செய்யும் என்றுதானே அப்போதெல்லாம் நினைத்தார்.

"மொதல்ல வாசனைக்குத்தான்பா. அப்புறம் விடவே முடியல. சாப்பாட்டப் பாத்தா பிடிக்கல, இதப் பாத்தா வாயில தண்ணி ஊறுது. நிரப்பும்போது ஒரு கை அள்ளிப் போட்டுக்குவேன்."

டப்பாவைப் பிடுங்கி வீசியெறிய வேண்டும் போலிருந்தது அவருக்கு. 'அறிவிருக்கா உனக்கு' என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். வாடிக்கைக்காரர்கள் உட்காரும் சேரில் தான் போய் உட்கார்ந்தார்.

"ஏன்டா முன்னாடியே சொல்லல? அப்பாகிட்ட சொல்லலாம்ல?"

"சொன்னேனே. வயிறு எரியுதுன்னு சொன்னேன்." அவள் டப்பாவை மூடினாள். "நீ எல்லார்கிட்டயும் சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க. பவுடர் தின்னேன்னு சொன்னா அதையும் சொல்லிடுவல்ல. அப்புறம் தினமும் சிரிப்பாங்க."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. வீம்புக்காரர்தான், ஆனாலும் அடக்க முடியவில்லை. ஊரில் உள்ளவன் எல்லாம் தன் மனசில் இருப்பதை இவரிடம் வந்து கொட்டுகிறான். பெற்ற பிள்ளை இவரிடம் ஒன்றைச் சொல்லப் பயந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்திருக்கிறது. இதைவிட ஒரு தகப்பனுக்கு என்ன அவமானம் வேண்டும்?

"எங்க எரியுது, காட்டு" என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். "இங்க. இப்ப எரியல. எரியும்போது இங்கேருந்து இங்க வரைக்கும் வரும். குனிஞ்சா குத்தும். எழுந்து நின்னா எல்லாம் மஞ்சளாத் தெரியும், அப்புறம் புள்ளி புள்ளியா வரும், டீச்சர் மூஞ்சியே தெரியாது…" அவளும் ரேடியோ மகள்தானே, திறந்த வாயை மூடவில்லை. அவர் 'ம்' கொட்டிக்கொண்டே கேட்டார். மச்சினன் சாப்பிட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வெளியே நின்று பல் குத்திக்கொண்டிருந்தான்.

அம்மாவுக்குச் சொல்லலாமா என்று மகளிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் சொன்னார். டாக்டருக்குச் சொல்வதற்கும் அப்படியே. டாக்டர் கேட்டுவிட்டுத் திட்டவில்லை. "ரத்தம் ரொம்பக் கொறஞ்சா இப்படிக் கண்டதத் திங்கத் தோணும். தின்னத் தின்ன இன்னும் கொறையும். அவ குறும்பு இல்ல, உடம்பு பண்ற வேலை. டானிக் உள்ள போகப் போக அந்த ஆசை தானா விட்டுடும்" என்றார்.

"வயித்துல பால வார்த்தீங்க டாக்டர்!"

"இது யார் வயிறு?" என்றார் டாக்டர். மகள் களுக்கென்று சிரித்தாள்.

பெரிய டின் அன்றைக்கே கடையை விட்டுப் போய்விட்டது. ஷேவிங் முடித்தவர்கள் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "பவுடர் எங்கய்யா?" என்று கேட்டார்கள். "எனக்குத் தும்மல் வருதுங்க, ஒத்துக்க மாட்டேங்குது" என்று பழியைத் தன் மூக்கின் மேல் போட்டுக்கொண்டார். மச்சினன்கூட நம்பிவிட்டான். மகளின் கன்னத்தில் மெல்ல மெல்ல ரத்தம் ஏறியது. சாப்பாட்டுத் தட்டை வழித்தாள். மூன்றாவது சேர் மறுபடி சுற்ற ஆரம்பித்து, அதன் கிறீச் சத்தத்துக்கு எண்ணெய் போட வேண்டியதாயிற்று.

ரேடியோவும் மெல்ல மெல்ல ஓடத் தொடங்கியிருந்தது. எதிர்க்கடை, கரண்ட் ஆபீஸ், எல்லாம் பழையபடி வந்துவிட்டன. அப்போதுதான் ஒரு சாயங்காலம் அந்தப் பெரிய மனிதர் முடி வெட்ட வந்தார். மகள் வயிறு எரியுது என்று சொன்ன அன்றைக்கு மிஷின் தடம் மாறும் அளவுக்குச் சிரித்தவர். கடை நிறைய ஆட்கள். மகள் பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆமா, பாப்பாவுக்கு என்னதான்யா ஆச்சு? ஆஸ்பத்திரி, ஸ்கேன்னு அலைஞ்சீங்களாமே. முழுக் கதையையும் சொல்லு, கேப்போம்" என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரை மடித்துவிட்டுத் திரும்பினார்கள். அவர் வாழ்க்கையில் இதைவிட நல்ல கதை ஒன்று அவருக்குக் கிடைத்ததில்லை. சிரிப்பு இருக்கிறது, பயம் இருக்கிறது, கடைசியில் ஒரு திருப்பமும் இருக்கிறது. எந்த இடத்தில் நிறுத்தினால் கடை வாயைப் பிளக்கும் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நாக்கு நுனியில் வந்து நின்றது. கண்ணாடியில் பார்த்தார். மகளின் பென்சில் நின்றிருந்தது. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"ரத்தம் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு சார். டானிக் குடுத்தாங்க. சரியாயிடுச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

"என்னய்யா நீ, உப்புச்சப்பில்லாம! சரக்கு தீந்துபோச்சா உனக்கு?" என்று பெரிய மனிதர் சலித்துக்கொண்டார். பேப்பர்கள் மறுபடி விரிந்தன. ரேடியோ காதோரம் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா" என்று கூப்பிட்டாள் மகள், அத்தனை பேர் முன்னாலும், சத்தமாக. "இன்னைக்கு ஸ்கூல்ல என்னாச்சு தெரியுமா?"

ரேடியோ கத்திரிக்கோலை நிறுத்திவிட்டுத் திரும்பினார். பெரிய மனிதர் பாதி முடியோடு காத்திருந்தார்.

"சொல்லுடா" என்றார்.

கடை மூடுகிறவரை அவள் நிறுத்தவில்லை.